படத்தில் இருப்பவர் யார்?

சிங்கப்பூரின் வடபகுதியில் ஈசூன் என்னும் நகரம் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் அவ்விடத்தில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். ஜொகூர் நீரிணையைக் கடந்து வேலைக்குச் சென்ற நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அது பழகிய ஊர். 1988ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அங்கே பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பெற்றது. அந்நிலையத்தில் இறங்கி வெளியே வருபவருக்கு, தம் காலடியில் இருக்கும் மண் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற தோட்டப் பகுதி என்பது எளிதில் தெரியாது. ஊரின் பெயர்தான் அச்செய்தியைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

லிம் நீ சூன் என்பவர் 1879ஆம் ஆண்டில் பிறந்து 1936ஆம் ஆண்டில் மறைந்த சீன வணிகர், தியோச்சூ மரபினர். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பொருள் ஈட்டியவர். சிங்கப்பூரின் வடபகுதியில் தோட்டங்களும் ரப்பர் ஆலையும் நடத்தியவர். அவர் பெயரால் அங்கொரு கிராமம் நீ சூன் என வழங்கியது. 1970களின் பிற்பகுதியில் அங்கே புதுநகர் அமைக்கும் பணி தொடங்கியபோது, அதே பெயர் மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. அவருடைய மகன் லிம் சோங் பாங்கின் பெயரும் ஒரு கிராமத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. அந்தக் கிராமம் மறைந்துவிட்டது; ஆயினும் சோங் பாங் என்னும் பெயர் ஈசூனின் ஒரு வட்டாரத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. அவ்வட்டாரத்தில் பரந்த நிலம் வைத்திருந்த புக்கிட் செம்பவாங் ரப்பர் நிறுவனமோ, மரங்களை விட்டு வீடுகள் கட்டி விற்கும் நிறுவனமாக மாறி, பழைய பெயருடனேயே இயங்கி வருகிறது.

தந்தையின் பெயர் நகரமாயிற்று. மகனின் பெயர் வட்டாரமாயிற்று. நிறுவனத்தின் பெயரும் நிலைத்தது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக மரம் சீவிய பால்வெட்டுத் தொழிலாளர்களின் பெயர்கள் எங்கே போயின? தமிழரும் சீனரும் ஜாவா மக்களும் அவர்களுள் இருந்தனர். முதலாளியைக் குறை கூறுவதற்காக இதனைக் கேட்கவில்லை. வரைபடத்தில் எல்லாருடைய பெயரையும் எழுத இடமிருக்காது என்பது உண்மையே. ஆனால் வரைபடத்தில் இடம் பெறாதவருக்கு வேறோர் இடம் உண்டு. அதுவே ஆவணப் புகைப்படம்.

ஆவணம் என்பது நிலத்துக்கும் வீட்டுக்கும் எழுதிக்கொள்ளும் பத்திரத்தைக் குறித்து வழங்கிவரும் சொல். இன்னாருடைய நிலம், இன்ன எல்லை, இன்ன நாளில் எழுதப்பட்டது என்று சான்று கூறுவது அது. புகைப்படமும் அவ்வாறு சான்று கூறுமாயின் அதனை ஆவணப் புகைப்படம் என்கிறோம். கடைக்குச் சென்று, திரைச்சீலையின் முன் தலைவாரிப் பூச்சூடி அமர்ந்து எடுத்துக்கொள்ளும் படம் ஒரு வகை. நாளிதழில் வரும் விபத்துப் படமும் தலைவர் மாலை சூடும் படமும் இன்னொரு வகை; அவை ஒரு நாளுக்கானவை. ஆவணப் படமெடுப்பவரோ ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பச் செல்கிறார். வேலை செய்யும் கையையும், உண்ணும் வேளையையும், நோயையும், திருவிழாவையும், சண்டையையும்கூடப் பார்த்திருந்து எடுக்கிறார். எடுத்தவற்றை யார், எங்கே, எப்போது என்ற குறிப்புடன் சேர்த்து வைக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெயர் எழுதாத பத்திரம் எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

இக்கலை நம் பகுதிக்கு வந்த வரலாறு சுவையானது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டியார் நாகூரைச் சேர்ந்த தமிழ்ப் பெண்மணி. அப்துல்லாவும் இளமையில் தமிழ் கற்றவர். 1849ஆம் ஆண்டில் அச்சான ‘ஹிக்காயாத் அப்துல்லா’ என்னும் தம் வரலாற்று நூலில், வெள்ளி பூசிய தகடொன்றில் சிங்கப்பூர் நகரத்தின் உருவம் அப்படியே பதிந்திருந்ததைக் கண்டு வியந்ததை அவர் எழுதி வைத்துள்ளார். தூரிகை தொடாமல், கதிரவன் ஒளியே வரைந்த அப்படத்தைப் பற்றி மலாய் மொழியில் எழுதிய முன்னோடிகளுள் நம்மோடு உறவுடைய ஒருவர் இருந்தார் என்பது மகிழத்தக்க செய்தியன்றோ!

பின்னர் வந்தவை அத்துணை மகிழத்தக்கவையல்ல. 1860களில் சிங்கப்பூரில் ஐரோப்பியர் படக்கூடங்கள் பெருகின. 1867ஆம் ஆண்டில் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனம் அவற்றுள் பெயர் பெற்றது. துறைமுகத்தையும் மாளிகைகளையும் எடுத்ததோடு, தெருவில் தொழில் செய்வோரையும் அக்காலப் படக்கூடத்தார் எடுத்தனர். அஞ்சலட்டைகளில் அப்படங்கள் அச்சாகி உலகெங்கும் சென்றன. தமிழர் இருந்த அட்டைகளின் அடியில் பெரும்பாலும் என்ன எழுதப்பட்டிருந்தது? அம்மனிதரின் பெயரன்று, ‘க்ளிங்’ என்னும் சொல். அது நம்மவரை இழிவுபடுத்தும் சொல்லாக மாறிவிட்டதை வாசகர்கள் அறிவர். படத்தில் நின்றவருக்கு ஓர் அம்மா வைத்த பெயர் இருந்திருக்கும். அதனைக் கேட்டு எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்தியாவிலும் இதே கதைதான். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்னும் பெரும் படநூலை ஆங்கில அரசு வெளியிட்டது. சாதி இது, இனம் இது, குணம் இது என்று விளக்கம் எழுதப்பட்ட அந்நூலில், சாதாரண மக்கள் தத்தம் கூட்டத்தின் மாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். அருங்காட்சியகத்தில் பூச்சிகளை ஊசி குத்தி வைப்பதுபோல் என்று சொன்னால் அது மிகையாகாது.

இலங்கைச் செய்தி ஒன்றையும் இங்கே கூறவேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார் இங்கிலாந்தின் புகழ்பெற்ற படக்கலைஞர். அவருடைய கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875ஆம் ஆண்டில் இருவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1879ஆம் ஆண்டில் அம்மையார் அங்கேயே காலமானார். இடைப்பட்ட காலத்தில் களுத்துறையில் அவர் எடுத்த படங்கள் சிலவற்றில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தாரும் இடம் பெற்றுள்ளனர். அவற்றுள் ஒரு படத்தில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கின்றனர். சிறுமிக்கு 12 வயது என்றும், முதியவர் தாம் அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்வதாகவும் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், அவர் சொன்னதைச் சற்று நம்பாமலே எழுதியுமிருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. படம் அழகானது, மிகவும் அழகானது. இங்கிலாந்தின் வைட் தீவில் டென்னிசன் என்னும் கவிஞரைப் படமெடுத்தபோது அதே அம்மையார் பெயரை விட்டுவிட்டாரா என்ன?

படமெடுப்பவரின் மனப்பான்மை மாறினால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று கிடைத்தது. லூயிஸ் ஹைன் ஓர் ஆசிரியர். 1908ஆம் ஆண்டு முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் பருத்தி ஆலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், மீன் அடைக்கும் தொழிற்கூடங்கள் ஆகியவற்றுக்குச் சென்று, அங்கே உழைத்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்தார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் சில வேளைகளில் பைபிள் விற்பவராகவும் காப்புறுதி முகவராகவும் நடித்து உள்ளே புகுந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வார். ஒரு சிறுமி அருகில் நின்றால் அவள் எந்தப் பொத்தான் வரை வருகிறாள் என்று பார்த்து உயரத்தைக் கணிப்பார். பையினுள் கையை விட்டபடியே பெயர், வயது, வேலை நேரம், கூலி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். இவ்வாறு ஏறத்தாழ 5,000 படங்கள் சேர்ந்தன.

‘ஆலைகளில் குழந்தைகள் இல்லை’ என்று கூறிய முதலாளிகளால், பெயரும் வயதும் ஆலையின் இடமும் எழுதப்பட்ட படத்தை மறுக்க முடியவில்லை. ஒரே நாளில் வெற்றி கிட்டவில்லை என்பதும் உண்மை. 1916ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தை இரண்டாண்டுகளில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1938ஆம் ஆண்டில்தான் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையான சட்டம் வந்தது. நூறாண்டு கழித்து, ஹைன் எழுதிவைத்த பெயர்களைக் கொண்டு ஆய்வாளர்கள் அக்குழந்தைகளின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்தனர். தம் பாட்டியார் பஞ்சாலையில் நின்றதை முதன்முதலாக அப்படத்தில் கண்டவர்களும் உண்டு. ஒரு பெயரை எழுதி வைத்ததன் பயன் நூறாண்டு வரை நீள்கிறது.

பெயரைக் கேட்காமல் விட்டதன் விளைவையும் பார்ப்போம். 1936ஆம் ஆண்டு மார்ச் திங்களில் கலிபோர்னியாவில் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிப்போரின் முகாமில் கூடாரத்தில் இருந்த ஒரு தாயை டோரத்தி லாங்கே என்னும் அரசாங்கப் புகைப்படக் கலைஞர் படமெடுத்தார். குழந்தைகள் இருபுறமும் சாய்ந்திருக்க, கன்னத்தில் கைவைத்துத் தொலைவில் நோக்கும் அத்தாயின் முகம் உலகப் புகழ் பெற்றது. படம் வெளிவந்தவுடன் அந்த முகாமுக்கு அரசு உணவுப் பொருள் அனுப்பியது. ஆனால் அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. லாங்கே அத்தாயின் பெயரைக் கேட்கவே இல்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டில்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியாயிற்று. அவர் செரோக்கி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசுப் பயனும் இல்லை என்று அவர் மனம் கசந்து கூறினார். 1983ஆம் ஆண்டில் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் உதவி கேட்க, பொதுமக்கள் பல்லாயிரம் டாலர் அனுப்பினர். படத்துக்குப் பெயர் கிடைத்த பிறகே உதவி உரியவரின் கைக்குச் சென்று சேர்ந்தது.

அமெரிக்காவில் நாற்பதாண்டு மறைந்திருந்த பெயர் இறுதியில் வெளிப்பட்டது. நம் மக்களுள் வெளிப்படாமலே போன பெயர்கள் எத்தனை என்பதைச் சயாம் மரண ரயில்பாதை காட்டுகிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட அப்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட நேசநாட்டு வீரர்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவ்வீரர்களுள் ஒருவரான ஆஸ்திரேலியர் ஜார்ஜ் ஆஸ்பினால் மடக்குப் படப்பெட்டி ஒன்றை மறைத்து வைத்திருந்து, உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தார். அவற்றுள் தப்பியவை இன்று சான்றாக விளங்குகின்றன. காஞ்சனாபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் அடங்கியுள்ளனர். கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. மாண்ட வீரர்கள் 12,000க்கும் மேற்பட்டோர் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போலப் பன்மடங்கினர். அவர்களைத் தனித்தனியே எண்ண முடியவில்லை. ஏனெனில் பட்டியல் இல்லை, படம் இல்லை, கல்லும் இல்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டவரின் ஏட்டில் அப்பெயர்கள் இருந்திருக்கும். அந்த ஏடு எந்த மழையில் நனைந்ததோ! தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்ற ஒரு வரியோடு பல குடும்பங்களின் கதை முடிந்துவிடுகிறது.

மீண்டும் ஈசூனுக்கு வருவோம். போருக்குப் பின் அவ்வட்டாரத்தில் ரப்பரைவிடப் பெரிய வேலைத்தலம் செம்பவாங் கடற்படைத் தளமாகவே இருந்தது. 1938ஆம் ஆண்டில் அதன் பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களும் பெருந்தொகையினராக அங்கே பணி புரிந்து, தளத்துக்குள்ளேயே குடியிருந்தனர். அவர்களுக்குப் பள்ளிகளும் கோயில்களும் இருந்தன. தளத் தொழிலாளர் வழிபட்ட மரத்தடி முருகன், பின்னாளில் ஈசூனுக்கு இடம் பெயர்ந்து புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் எழுந்தருளியுள்ளார். 1971ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை வெளியேறியது, குடியிருப்புகள் கலைந்தன. குடும்பங்கள் புதிய அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. கம்பங்கள் இடிக்கப்பட்டன. இவ்வளவும் நம் தோட்டங்களுக்கும் புதிதன்று. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டதையும், செம்பனை அழித்து வீடமைப்புத் திட்டம் எழுந்ததையும், லயங்கள் இடிந்து மக்கள் பட்டணத்துக்குக் கலைந்து சென்றதையும் நாம் கண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரில் அம்மாற்றம் மிக விரைவாக நிகழ்ந்தது. எனவே அதனைப் படத்தில் பிடித்துவைக்கும் எண்ணமும் சிலருக்கு உரிய காலத்திலேயே உண்டாயிற்று. யிப் சியோங் ஃபுன் என்பவர் ஹாங்காங்கில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். கடற்காட்சிகளுக்குப் பெயர் பெற்ற அவர் சீனர் குடியிருப்பின் தெருவாழ்வையும் படமெடுத்தார். 1984ஆம் ஆண்டில் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. கோவ் ஷாங் வேய் (1924–1988) விட்டுச்சென்ற படங்கள் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ரோனி பின்ஸ்லர் என்பவர் கோயில் சடங்குகளையும் தெருத்தொழில்களையும் மறைந்து வந்த கிராமங்களையும் எடுத்த படங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அளித்துள்ளார். இவர்கள் எடுத்திராவிட்டால் எத்தனையோ தெருக்கள் இன்று வெறும் பேச்சாகவே இருந்திருக்கும்.

ஆயினும் அங்கேயும் ஒரு குறை வெளிப்பட்டது. காப்பகத்தில் படங்கள் மலைபோல் குவிந்தன. அவற்றுள் பலவற்றில் இருப்பவர் யார், இடம் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே 2015ஆம் ஆண்டில் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விளக்கமில்லாத படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி, தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டது. நல்ல முயற்சிதான். ஆனால் பழைய தெருவில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கும்போது, கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல எத்தனை பேர் எஞ்சியிருப்பர்? படம் எடுத்த அன்றே ஒரு பென்சிலால் முடித்திருக்க வேண்டிய வேலை அது. அக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ஆம் ஆண்டு முதல் முதியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வருகிறது. குரலையும் படத்தையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு மனிதர் முழுமையாகத் தெரிவார் என்பதே என் கருத்து.

லிட்டில் இந்தியாவில், கேம்பல் சந்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் செல்லும் வாசகர்கள், அங்குள்ள பழைய படங்களின் முன் சற்று நின்று கீழே உள்ள எழுத்தையும் படித்துப் பாருங்கள். பெயருள்ள படத்தின் முன் நாம் நிற்கும் நேரமும், பெயரில்லாத படத்தின் முன் நிற்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையெங்கும் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்தனர். இவர்கள் விமானத்தில் வந்தனர். 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவி விடுதிகள் அடைக்கப்பட்டபோது, சன்னல் கம்பிகளுக்குப் பின்னிருந்த இவர்களின் முகங்கள் செய்தித்தாள்களில் வந்தன. பெயர்கள் அரிதாகவே வந்தன. இன்று அவர்களுள் சிலர் தாமே கைத்தொலைபேசியாலும் படப்பெட்டியாலும் தம் வாழ்வைப் படமெடுத்துக் கண்காட்சியும் வைத்திருக்கின்றனர். சாரக்கட்டின் உச்சியிலிருந்து நகரம் எப்படித் தெரியும் என்பது அங்கே நின்று வேலை செய்பவருக்குத்தானே தெரியும்!

தமிழகத்தில் இவ்வழியில் நடப்பவர் எம். பழனி குமார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். முதலில் கிடைத்த படப்பெட்டியால் தம் தாயையும் அவருடன் மீன் விற்ற பெண்களையும் எடுத்தார். பின்னர்க் கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு ஆளானவர்களின் வாழ்வையும், சாக்கடைக் குழியில் நச்சுக்காற்றால் மாண்டவர்களின் குடும்பங்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார். 2019ஆம் ஆண்டில் அக்குழந்தைகளைப் பற்றிய அவருடைய கண்காட்சி சென்னையில் நடைபெற்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பாரி’ என்னும் கிராமப்புற மக்கள் ஆவணக் களஞ்சியத்தில் அவருடைய படங்களைக் காணலாம். 2022ஆம் ஆண்டில் தயானிதா சிங் பெயரால் அமைந்த ஆவணப் புகைப்பட விருது முதன்முறையாக அவருக்கே வழங்கப்பட்டது. விருதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் படப்பெட்டியைக் கொடுத்து, உன் தாயின் வேலையை நீயே எடு என்று அவர் கற்பித்து வருகிறார். அந்தப் படங்களில் தாய்மார்கள் படமெடுப்பவருக்காக முகத்தைத் திருத்திக்கொள்வதில்லை. எடுப்பது தம் பிள்ளைதானே.

நம் தோட்டங்களிலும் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆனால் அதில் இருப்பவை பிறந்தநாள் கேக்கும் புதுச்சட்டையும்தான். தவறில்லை. ஆயினும் காலைப் பெரட்டு, மங்கு துடைத்தல், கோடு போட்டுப் பட்டை சீவுதல், காண்டாவில் பால் வாளி சுமத்தல், பால் நிறுத்தல் என்ற வேலை வரிசையை யாராவது தொடர்ச்சியாக எடுத்திருக்கிறார்களா? பால்வெட்டுக்காரரின் கை உளியைப் பிடிக்கும் பிடியை எழுத்தில் விளக்க முடியாது. மரத்தின் உட்பகுதியைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் அந்தத் திறன் பல்லாண்டுப் பயிற்சி. ஒரு படம் அதனைக் காட்டிவிடும்.

எடுக்க விரும்புவோருக்குச் சில செய்திகள். பால்வெட்டு நடப்பது இருள் பிரியும் வேளை. குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். அவ்வேளையில் ஒளி குறைவு என்பதால் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். கைத்தொலைபேசியை மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி எடுங்கள். பளிச்சென்ற செயற்கை விளக்கைப் போட்டால் முகம் வெளுத்துப் பின்னால் காடு கறுத்துப்போகும். வேலை செய்பவரின் கண்ணும் கூசும், உளியும் தவறும். உட்கார்ந்திருப்பவரை எடுக்க நீங்களும் உட்காருங்கள். மேலிருந்து கீழாக எடுக்கும் படம், எடுப்பவர் அறியாமலேயே எதிரே இருப்பவரைச் சிறியவராக்கிவிடுகிறது.

எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்று பாட்டி சொன்னால் வேண்டாம்தான். பிறர் பிள்ளையாயின் பெற்றோரைக் கேட்க வேண்டும். ஒழுகும் கூரையையும் கூனிய முதுகையும் மட்டும் எடுத்து, இதுதான் தோட்டம் என்று காட்டுவது பாதி உண்மை. அதே வீட்டில் சாமிப்படத்துக்குப் பூவைத்த கையும், வாசலில் கோலமும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிய சுவரும் இருக்கின்றன. குறையை மறைக்க வேண்டுமென்று சொல்லவில்லை. கூரை ஒழுகினால் ஒழுகும் கூரையைத் தேதியுடன் எடுத்து வையுங்கள். பழுதுபார்க்கக் கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதும்போது அது சான்றாகும்.

இனிப் பழைய படங்கள். பெட்டியடியில், அலமாரியில், பிஸ்கட் டின்னில் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களே நம் சமூகத்தின் பெரிய செல்வம். நம் நாட்டின் ஈரக்காற்று அவற்றுக்கு முதற் பகை. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தபின் துடைத்தால் படத்தின் பூச்சும் சேர்ந்து போய்விடும். சுவரோரத் தரையிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். ஒட்டும் பசையுள்ள பக்கங்களைக் கொண்ட ஆல்பங்கள் பார்வைக்கு அழகு, படத்துக்குக் கேடு. சில ஆண்டுகளில் படம் பசையோடு பிடித்துக்கொள்ளும். நெகிழித்தாள் ஒட்டி அழுத்துவதும் வேண்டாம். நல்ல தாள் உறைகளில் தனித்தனியாக இட்டு, உலர்ந்த இடத்தில் வைப்பதே போதும். பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துக் கைத்தொலைபேசியால் ஒரு படி எடுத்து, வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பி வைத்தால், ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் இன்னொரு வீட்டில் படம் இருக்கும்.

பின்புறத்தில் எழுதப் பேனா வேண்டாம். மை ஊறி முன்புறம் தெரியும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். என்ன எழுதுவது? இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரும், அவர் யாருடைய மகன் அல்லது மகள் என்பதும். கூப்பிடும் பெயர் வேறாயின் அதுவும். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயத்தின் எண். ஆண்டு துல்லியமாகத் தெரியாவிட்டால், பெரிய வெள்ளம் வந்த ஆண்டு, மூத்தவள் பிறந்த ஆண்டு என்று தெரிந்த நிகழ்ச்சியோடு சேர்த்து எழுதலாம். ஒருவரின் பெயர் நினைவுக்கு வரவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, தெரிந்த முதியவரிடம் படத்தை எடுத்துச் செல்லுங்கள். அவர் பேசத் தொடங்கியதும் கைத்தொலைபேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். ஒரு பெயரில் தொடங்கி, எந்தக் கப்பலில் வந்தார், எந்தக் கங்காணியிடம் வேலை செய்தார், யாரை மணந்தார் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், தடுக்க வேண்டாம்.

கோலாலம்பூரில் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய ஆவணக் காப்பகமாகிய அர்கிப் நெகாரா, பழைய படங்களையும் ஏடுகளையும் பாதுகாக்கும் அரசாங்க நிறுவனம். தோட்டம் மூடப்படும்போது கோயில் கணக்கேடு, பள்ளிப் பதிவேடு, சங்கப் படங்கள் ஆகியவை குப்பையோடு போய்விடாமல், அவற்றை எவ்வாறு ஒப்படைக்கலாம் என்று கோயில் நிர்வாகத்தினரும் பள்ளித் தலைமையாசிரியரும் அங்கே எழுதிக் கேட்கலாம். அசலைக் கொடுக்க மனமில்லாதவர்கள் படியெடுத்துக் கொள்ளுமாறு கேட்டுப் பார்க்கலாம். எழுதும்போது படத்தோடு பெயர்ப் பட்டியலையும் இணைத்தனுப்புங்கள். படம் ஒரு தாளிலும் பெயர் இன்னொரு தாளிலும் இருந்தால், இரண்டிலும் ஒரே எண்ணை இட்டு அனுப்புவது நல்லது.